மலைநாட்டு அறைச்சுவரும் இரு வெண்ணிறங்களும்

சுவருக்கு வெள்ளையடித்தல் எளிய வினையென்று நம்மவர் கருதுவதால், அதனைப்பற்றி ஒரு கட்டுரையும் வேண்டுமோ என இவ்விதழைப் புரட்டும் அன்பர் சிலர் நகைத்தல் கூடும். சென்ற ஆண்டு பங்குனித் திங்களுக்கு முன்னராயின் யாமும் நகைத்திருப்போம். அத்திங்களில் எம் கல்லூரி மாணவர் அறுவர், பழனி மலைத்தொடரில் கொடைக்கானலுக்குச் சிறிது கீழேயுள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியின் இரண்டு அறைகளுக்கு வெள்ளையடித்துத் தரும் பணியை ஏற்றுக்கொண்டோம். அறைகள் இரண்டும் ஓர் அளவின. ஒவ்வொன்றிற்கும் வடபுறம் நோக்கிய சாளரம் ஒன்றே உண்டு. தென்புறத்தில் மலைச்சரிவு நிமிர்ந்து நிற்றலின் அப்பக்கம் சாளரம் வைத்தற்கு இடமில்லை. தரை கருங்கல், மேலே பழுப்பேறிய மரப்பலகை.

மூடுபனி இறங்கிய நாளில் அவ்வூரில் மின்சாரமும் அடிக்கடி நின்றுவிடும். அவ்வேளையில் பிள்ளைகள் தத்தம் புத்தகத்தை ஏந்திக்கொண்டு சாளரத்தருகே நெருங்கி நிற்பர். இடம் பெறாதவர் பின்னே நின்று, பிறர் படிப்பதைக் காதாற் கேட்டிருப்பர். அப்பள்ளியின் ஆசிரியரோ முதியவர். புத்தகத்தைக் கண்ணுக்கு அருகிற் கொணர்ந்தும் தொலைவிற் கொண்டுபோயும் எழுத்தைத் தேடுவார். சுவருக்கு எந்நிறம் தீட்டினால் பின்வரிசைப் பிள்ளையும் அம்முதியவரும் எழுத்தைக் காண்பர் என்பதே எம்முன் நின்ற வினா.

இதில் எமக்குள் இரண்டு கட்சிகள் தோன்றின. மதுரைப் பக்கத்து மாணவர் மூவர், சுண்ணாம்பில் சிறிது நீலம் கலக்க வேண்டுமென்றனர். வேட்டியைச் சலவை செய்வோர் நீலமிட்டு வெளுப்பதுபோலச் சுவருக்கும் நீலமிட்டாற்றான் வெள்ளை 'பளிச்'சென்று தோன்றும் என்பது அவர் கூற்று. அவர்தம் இல்லங்களிலெல்லாம் பொங்கலுக்கு முன் அவ்வாறே அடிப்பது வழக்கமாம். ஏனையோர், குளிர்நாட்டிற்கு நீலம் ஆகாது. சிறிது மஞ்சள் கலந்து, கடைக்காரர் 'சந்தனக் கலர்' என்றும் 'கிரீம்' என்றும் கூறும் இளநிறத்தைத் தீட்டுவதே தக்கது என்றனர். உண்மையுரைப்பின், இக்கட்டுரை எழுதும் எம் சார்பு அன்று நீலத்தின் பக்கமே இருந்தது. வெண்மை மிகுந்த சுவரே ஒளியும் மிகத் தருமென்பது ஐயத்திற்கிடமற்ற செய்தியாக எமக்குத் தோன்றிற்று. வாதம் நீண்டு முடிவு காணாமையின், அறைக்கொரு நிறமாகத் தீட்டிப் பார்ப்பதென உடன்பட்டோம்.

இரண்டிற்கும் அடிப்படை சுண்ணாம்பே. சுட்ட சுண்ணாம்புக்கல் நீரிற் கொதித்து நீறாகிக் குழம்பாகிறது. அக்குழம்பு சுவரிற் பூசப்பட்டபின் காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாகிவிடுகிறது. ஆதலின் வெள்ளையடித்தலென்பது சுவரின்மீது மெல்லிய கல்லாடை போர்த்துதலேயாம். மலைநாட்டிற்கு இஃது ஒருவகையில் மிகப் பொருத்தமானது. கல்லுக்குள் ஏறிய ஈரம் சுண்ணாம்பினூடே வெளியேற வழியுண்டு. எண்ணெய் வண்ணமோ ஈரத்தை உள்ளே அடைத்துவைத்துப் பின் கொப்புளித்து உரிந்துவிடும். அன்றியும் புதுச்சுண்ணாம்பின் காரம் பூஞ்சணத்தை வளரவொட்டாது.

ஆனால் அக்காரமே நிறம் கலப்போர்க்கு ஒரு பகையும் ஆகும். எம்முள் ஒருவர், மஞ்சள் நிறம் வேண்டின் சமையலறை மஞ்சட்பொடி இருக்க வேறு தேடுவானேன் என்று, இரண்டு கைப்பிடியை வாளியில் இட்டுக் கலக்கினார். கலக்கிய மாத்திரத்திலே வாளி முழுவதும் செக்கச் சிவந்துபோயிற்று. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தாற் சிவப்பாதலை இளமை முதற் கண்டிருந்தும், ஒருவருக்கேனும் அது நினைவிற்கு வராமற்போனது வியப்பே. கூடியிருந்த சிறுவர்கள் நகைத்த நகைப்பு இன்னும் எம் செவியில் ஒலிக்கின்றது. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் மண்ணிற் பிறந்த நிறங்களே. மஞ்சட்காவி அத்தகையது, இரும்பும் நீரும் கூடியமைந்த மண் அது. அதனையே நெருப்பிற் சுட்டால் நீர் நீங்கிச் செங்காவியாகும். சலவைக்கிடும் பொடிநீலமும் காரத்திற்கு அஞ்சாதது. பண்டு ஆப்கானிய நாட்டுப் படக்‌ஷான் மலைகளில் எடுத்த அருமணியைப் பொடித்தே அந்நிறத்தைப் பெற்றனர்; பொன்னோடொத்த விலையுடைய அந்நீலத்தைச் செயற்கையாற் செய்யும் முறை 1828ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு நாட்டிற் காணப்பட்ட பின்னரே அது சலவைத் தொட்டிக்கும் வந்து சேர்ந்தது.

இங்ஙனம் ஒரே சுண்ணாம்பில் ஒரு வாளிக்குச் சிறிது நீலமும் ஒரு வாளிக்குச் சிறிது மஞ்சட்காவியும் இட்டு, அரிசிக்கஞ்சியும் உப்பும் சேர்த்து, அறைக்கு இரண்டு பூச்சுத் தந்தோம். ஈரத்தில் இரண்டு நிறமும் ஆழ்ந்து தோன்றி, உலர்ந்தபின் வெளுத்தன. ஆதலின் வாளியில் உள்ளபோதே நிறத்தை மதிப்பிடுதல் கூடாது. ஒரு பலகையிற் பூசி உலர்த்திப் பார்த்தலே முறை. பூச்சு முடிந்த அன்று வெயில் நன்றாயிருந்தது. நீல அறை வேட்டிபோல் வெளுத்திருந்தது. காவி அறை சற்றே அழுக்கேறிய தந்தம்போல் இருந்தது. நீலக் கட்சியார் வென்றோமென்று மகிழ்ந்து மலையிறங்கினோம்.

மீண்டும் ஆடித்திங்களில் யாம் அங்குச் சென்றபோது மேல்காற்றும் மேகமும் மலையை மூடியிருந்தன. அப்போதுதான் முறையாகச் சோதித்தோம். சோதனை எளியது: நல்ல கண்ணுடைய ஒருவர் பள்ளிப் புத்தகமொன்றை ஏந்திச் சாளரத்தருகே நின்று, அதனைப் படித்துக்கொண்டே பின்னடியாக நடத்தல், எழுத்து மயங்குமிடத்தில் நின்று சுண்ணக்கட்டியாற் கோடிடுதல். பனியின் அடர்த்தி நொடிக்கு நொடி மாறுமாதலின், இரண்டு அறைகளிலும் இருவர் ஒரே வேளையில் நடந்தனர். பின் அறை மாறி நடந்தனர். மூன்று நாளும் இவ்வாறே செய்தோம். மூன்று நாளும் காவி அறையிலே கோடு பின்தள்ளி விழுந்தது. ஒரு நாள் அவ்வேறுபாடு ஓரடிக்கும் குறைவு; அடர்பனி நாளில் இரண்டடிக்கு மேல். வெண்மை மிக்க அறை ஒளியிற் குறைந்திருந்தது! இது கண்மயக்கோ என்று முதலில் எண்ணினோம். பின்னர் நூல்களைத் துருவி ஆராய்ந்தபோது, மயக்கம் வெண்மையிலேதான் இருந்ததென்று அறிந்தோம்.

ஞாயிற்றின் வெள்ளொளி பல நிறங்களின் கூட்டு என்பதை யாவரும் அறிவர். இம்மலையிலேயே 1899ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஞாயிற்று ஆய்வுக்கூடம், அவ்வொளியை நிறநிறமாகப் பிரித்து ஆராய்ந்து வருகின்றது. அங்கிருந்த எவர்ஷெட் என்னும் அறிஞர், பிரிந்த ஒளியிலுள்ள கருங்கோடுகளின் சிறு பெயர்ச்சியைக் கொண்டே, ஞாயிற்றுப் புள்ளிகளில் வளிகள் ஓடும் ஓட்டத்தை 1909இற் கண்டறிந்தார். அவ்வெள்ளொளி சுவர்மேற் படும்போது, சுவரிற் கலந்த நிறப்பொடி ஒளியைக் கூட்டுவதில்லை. ஒரு பகுதியை விழுங்கவே செய்கிறது. நீலப்பொடி மஞ்சள், செம்மஞ்சள் பகுதிகளை விழுங்கும். மஞ்சட்காவி நீலம், ஊதாப் பகுதிகளை விழுங்கும். இரண்டும் இழப்பே. ஆயினும் நம் கண்ணுக்கு எல்லா நிறமும் ஒப்பல்ல. பகலொளியில் மக்கட்கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளமுடைய பசுமஞ்சளையே; நீலத்தின் கோடியிலும் சிவப்பின் கோடியிலும் அவ்வுணர்ச்சி மிகக் குன்றிவிடுகிறது. ஆகவே நீலம் கலந்த சுவர் கண்ணுக்குப் பயன்மிக்க பகுதியைத் திருடுகிறது. காவி கலந்த சுவர் பயன் குறைந்த பகுதியை எடுத்துக்கொள்கிறது.

அப்படியாயின் நீலச்சுவர் ஏன் வெளுப்பாய்த் தோன்றிற்று? சுண்ணாம்பும் பழந்துணியும் இயல்பாகவே சிறிது மஞ்சள் சாயலுடையன. மஞ்சட்சாயலை நாம் அழுக்கின் அடையாளமாகக் கொள்ளப் பழகியுள்ளோம். நீலமிட்டால் அச்சாயல் மறைகிறது. மறையவே, தூய வெண்மை என்று உள்ளம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. துணியிலிருந்து வரும் ஒளி குறைந்திருப்பதை அது கணக்கிடுவதில்லை. வேட்டியைப் பொறுத்தமட்டில் இதனாற் கேடில்லை. வேட்டியின் ஒளியில் எவரும் புத்தகம் படிப்பதில்லையன்றோ.

ஓர் அறையில் இச்சிறு வேறுபாடு பெருகும் விதம் இன்னும் நோக்கத்தக்கது. சாளரத்தின் வழியே வந்த ஒளி ஒரு சுவரிற் பட்டு மீண்டு, மற்றொரு சுவரிற் பட்டு, மீண்டும் மீண்டும் எறிபந்தாக ஓடுகிறது. எல்லாப் பக்கமும் ஒரே பூச்சுடைய அறையொன்றைக் கற்பித்துக்கொள்வோம். நூறு பங்கு ஒளியில் எண்பதைத் திருப்பும் சுவராயின், முதன்முறை 80, அடுத்து 64, அடுத்து 51 என்று கூட்டிக்கொண்டே போனால், சுவர்கள் தரும் ஒளி மொத்தம் 400 பங்காகும். எழுபத்தைந்தைத் திருப்பும் சுவராயின் அம்மொத்தம் 300 பங்கே. நூற்றுக்கு ஐந்து குறைந்த இடத்திலே முடிவில் காற்பங்கு ஒளி போய்விடுகின்றது. உண்மை அறைகளில் கருங்கற்றரையும் மரமும் சாளரமும் மக்களுடலும் ஒளியை விழுங்குதலின் வேறுபாடு இத்துணைப் பெரிதாவதில்லை. எனினும் பின்வரிசைப் பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இங்ஙனம் சுவர்பட்டு வந்த ஒளியே. சாளரத்தருகே நின்று பார்ப்பவர்க்கு இரண்டு அறையும் ஒன்றுபோலவே தோன்றியதற்கும், உள்ளே போகப்போக வேறுபாடு மிகுந்ததற்கும் காரணம் இதுவே.

ஒளியோடு நிறமும் இவ்வாறே பெருகுகிறது. ஒவ்வொரு சுவரிலும் பட்டு மீளுந்தோறும் ஒளி அச்சுவரின் சாயலை மேலும் ஏற்கிறது. அதனாற்றான் மாதிரிப் பலகையில் இளமையாயிருந்த நிறம், அறை முழுதும் தீட்டியபின் மூலைகளில் ஆழ்ந்து தோன்றுகிறது. கடையில் விரும்பிய நிறத்தினும் ஒருபடி இளைத்ததைத் தேர்தல் நன்று. எம் காவி அறையிலும் வடமேற்கு மூலை வேண்டியதினும் மஞ்சளித்தே போயிற்று.

இனி, திசையைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். வடபுற அறை ஞாயிற்றைக் காணாது என்று மேலைநாட்டு நூல்கள் கூறும். கொடைக்கானல் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருத்தலின், ஏப்பிரல் நடுவிலிருந்து ஆகஸ்டு இறுதிவரை நண்பகல் ஞாயிறு நமக்கு வடபுறமாகவே செல்லும். ஆதலின் அவ்விதி நம் நாட்டிற்கு முழுதும் பொருந்தாது. ஆனால் அக்காலத்தில் நண்பகல் ஞாயிறு உச்சிக்கு அணித்தாய் நிற்பதால் இறவாரம் அதனைத் தடுக்கும். சூன் முதல் மேகமும் தடுக்கும். ஏனைய திங்கள்களில் வடசாளரம் காண்பது வானத்தை மட்டுமே. மலையுச்சியில் காற்று மெலிந்து தூசும் குறைந்திருத்தலின், மேகமற்ற தைத்திங்களில் அவ்வானம் கீழ்நாட்டில் யாம் காணாத கருநீலமாயிருக்கும். அந்நீலவொளி நீலச்சுவரிற் பட்டபோது அறை முழுதும் பனிக்கட்டிபோல் தோன்றிற்று என ஆசிரியர் எமக்கு எழுதியிருந்தார். பனிமூட்டத்தின் ஒளியோ நீலமன்று; பனித்துளி ஒளியலையினும் மிகப் பெரிதாதலின் எல்லா நிறத்தையும் ஒப்பச் சிதறிச் சாம்பல் வெண்மையாகத் தருகிறது. அவ்வொளியில் நீலச்சுவர் சாம்பலாகியது. காவிச்சுவர் பழைய தாள்போல் இருந்தது.

குளிர்ச்சி, வெம்மை என்று நிறத்தைக் கூறுவது உள்ளத்தின் வேலை. வெப்பமானியை மாட்டிப் பார்த்தால் இரண்டு அறையிலும் ஒரே அளவுதான் நிற்கும். என்றாலும் உள்ளத்தின் வேலையைப் புறக்கணிப்பதற்கில்லை. மயில் குளிரால் நடுங்குகிறதென்று கருதித் தன் போர்வையை அளித்த பேகன் ஆண்டது இம்மலைநாட்டையே. அம்மயிலுக்குப் போர்வை உண்மையில் வேண்டியிருந்ததோ என்று எவரும் கேட்டதில்லை. கூதிர்காலத்தைப் பாடும் நெடுநல்வாடையும் அரசியின் உறையுளைச் சொல்லுங்கால், சுதையின் வெள்ளிநிறத்தோடு சுவரின் செம்புநிறத்தையும் உடன்வைத்துப் பேசுகிறது. பண்டையோர் குளிர்கால அறைக்கு வெண்மை ஒன்றே போதுமென்று கருதினாரல்லர் போலும்.

அறையிலுள்ள பிற பொருள்களும் சுவரின் நிறத்தை மாற்றிக் காட்டும். பாரிஸ் நகரத்துக் கோபலின் நெசவுச்சாலையில் சாயத்துறைத் தலைவராயிருந்த செவ்ரோல் என்பார், கறுப்புச்சாயம் கறுப்பாயில்லை என்று வந்த குறையை ஆராய்ந்து, குற்றம் சாயத்தில் இல்லை, அதனருகே நெய்த நிறங்களிலே உளது எனக் கண்டு 1839இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். எம் அறைகளின் மரக்கூரை செம்பழுப்பு. நீலச்சுவரருகே அது மேலும் சிவந்து, சுவர் மேலும் நீலித்து, இரண்டும் பகைகொண்டாற்போல் நின்றன. காவிச்சுவரோடு அம்மரம் உறவுகொண்டது.

நீலத்தின் பக்கமும் நேர்மையாகச் சொல்ல வேண்டுவது உண்டு. பழனி அடிவாரத்திலும் மதுரையிலும் சித்திரை வெயிலில் வெளியிலிருந்து வீட்டினுள் நுழைபவர்க்கு ஒளி குறைந்த நீலவெண்மை கண்ணுக்கு இதமளிக்கிறது. அங்கே ஒளி மிகையேயன்றிக் குறையன்று. எனவே எம் நண்பர் இல்லத்து வழக்கம் அவ்விடத்திற்குத் தவறாகாது. மேலும் அந்தி மயங்கி இருள் சூழும் வேளையில் மக்கட்கண்ணின் கூர்மை நீலப்பக்கமாக நகர்கிறது. விடியலில் செம்மலர் கறுத்தும் நீலமலர் விளங்கியும் தோன்றுவதைப் பொஹீமிய நாட்டுப் புர்க்கின்யே 1825இல் எழுதினார். அவ்விருளில் நீல அறை மிகவும் இருண்டதாகத் தோன்றாது. ஆனால் அவ்வேளையில் எவ்வறையிலும் படித்தல் இயலாது.

ஆசிரியர் தாமாக ஒன்று கூறினார். யாமெல்லாரும் நீல அறையை நீலமென்று கூற, அவர் "எனக்கு அது நீலமாகத் தெரியவில்லை, தம்பி, மங்கலாகத்தான் தெரிகிறது" என்றார். முதுமையிற் கண்ணின் ஆடி மஞ்சளித்து, நீலவொளியைத் தானே தடுத்துவிடும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. காவிச்சுவர் விழுங்கும் நீலப்பகுதி முதியவர்க்கு முன்னமே பெரும்பாலும் இழந்த பகுதி. நீலச்சுவர் விழுங்கும் மஞ்சட்பகுதியோ அவர்க்கு எஞ்சியிருக்கும் செல்வம். யாம் எண்ணியும் பாராத இச்செய்தியே எமக்கு மிகப் பெரிதாகப் பட்டது.

விளக்கொளியைப் பற்றியும் பலர் வினவினர். இக்காலத்து எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் இரண்டு சாயலில் விற்கின்றன: 2700 அல்லது 3000 கெல்வின் என்று குறித்தது மஞ்சட்சாயல், 6500 கெல்வின் நீலச்சாயல். மஞ்சள் விளக்கின்கீழ் நீலச்சுவர் அழுக்கு நிறமாகிவிடும். காவிச்சுவர் மேலும் மஞ்சளிக்கும். காவிச்சுவருடைய அறைக்கு இரண்டிற்கும் இடைப்பட்ட 4000 கெல்வின் விளக்கு தக்கதென்பது எம் கருத்து.

சுண்ணாம்பை விடுத்து எண்ணெய் வண்ணம் வாங்குவோர்க்கு ஒரு சொல். மஞ்சள் எண்ணெய் வண்ணங்களில் ஈயம் கலந்த நிறப்பொடி சேர்த்தல் நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்திற்குத் தொண்ணூறு பங்கிற்கு மேற்படலாகாதென்று நம் நாட்டில் 2016இல் விதி வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. சிறுபிள்ளைகள் உள்ள அறைக்குப் பழைய டப்பாவில் எஞ்சிய மஞ்சளைப் பூசுதல் ஆகாது.

இவ்வாண்டு மாசித்திங்களில், இரவுப் பனியுறைவு நீங்கிய பின், நீல அறையைச் சுரண்டி மீண்டும் தீட்டுமாறு பள்ளியார் கேட்டுள்ளனர். காவியைச் சென்றமுறை இட்டதில் பாதியளவே இடுவதென்றும், மரக்கூரையின் அடிப்பலகைக்கும் வெறுஞ்சுண்ணாம்பு ஒரு பூச்சுத் தருவதென்றும் தீர்மானித்திருக்கிறோம். மஞ்சட்பொடி கலக்கிய நண்பரும் உடன்வருகிறார். அவர் இம்முறை மட்டை பிடிப்பார், வாளியருகே வரமாட்டார்.